கட்டிங் வேஸ்ட்டின் கணக்கை யார் தீர்ப்பது?

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் குண்டடம் இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கே இந்தப் பெயரைச் சொன்னால் வடுகநாதர் கோயிலும் வாரச்சந்தையும்தான் முதலில் நினைவுக்கு வரும். மக்காச்சோளம், சின்ன வெங்காயம், கொஞ்சம் தென்னை, தலைக்கு மேலே சுற்றும் காற்றாலைகள், உப்பாறு அணைக்கு இந்த வருஷமாவது பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) தண்ணீர் வருமா என்ற கேள்வி. பனியன் நகரத்தின் சாயல் இங்கே குறைவு. ஆனால் தாராபுரம், வெள்ளகோவில், பல்லடம், உடுமலை என்று இந்தப் பகுதியைச் சுற்றி நூற்பாலைகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பெரும்பங்கு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள். திருப்பூரில் வெட்டி எறிந்த துணியை மறுபடி நூலாக்குகிற மில்கள் அவை.

'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற சொல் ஐரோப்பியக் கருத்தரங்குகளில் பேசப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, கொங்கு நாட்டில் அது வேஸ்ட் வியாபாரம் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்தது. யாரும் பூமியைக் காப்பாற்றப் புறப்படவில்லை. கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்தது, அதனால் நடந்தது. லாபமும் சுற்றுச்சூழலும் சேர்ந்து நடக்க முடியுமா என்று இன்று கேட்பவர்கள் முதலில் இந்தப் பழைய ஏற்பாடு எப்படி ஓடியது, இப்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து, மார்க்கர் போட்டு வெட்டுகிறார். கழுத்தும் கைக்குழியும் வளைவானவை. வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் உடுப்பாகாத துண்டுகள் விழத்தான் செய்யும். நூறு கிலோ துணி வெட்டினால் பத்து முதல் பதினைந்து கிலோ இப்படிப் போகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. இந்தக் கட்டிங் வேஸ்ட் வியாபாரியின் குடோனுக்குப் போகிறது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்: வெள்ளை தனி, கறுப்பு தனி, நிறம் நிறமாகத் தனி, அச்சு விழுந்தது தனி. கொஞ்சம் பெரிய துண்டுகள் குழந்தைகள் உடுப்புக்கும், ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் துணிக்கும் போகும். மீதி இயந்திரத்தில் கிழிபட்டு, மறுபடி பஞ்சாகிறது.

கிழித்த பஞ்சின் இழை குட்டையானது. சாதாரண ரிங் ஸ்பின்னிங்கில் அது நிற்காது. ஓ.இ. முறையில் வேகமாகச் சுழலும் ரோட்டருக்குள் இழைகள் போய் முறுக்கேறுவதால் குட்டை இழையும் நூலாகிறது. பலத்துக்காகப் பெரிய நூற்பாலைகளிலிருந்து வரும் கழிவுப் பஞ்சையோ, பழைய பெட் பாட்டில்களிலிருந்து எடுத்த பாலியஸ்டரையோ கலக்கிறார்கள். நூல் மெல்லியதாக வராது. பத்தாம் நம்பர், இருபதாம் நம்பர் என்று தடித்த ரகங்கள்தான். அது கைலியாக, போர்வையாக, மிதியடியாக, கையுறையாக, அடுப்படித் துணியாக, தரை துடைக்கும் மாப்பாக மாறுகிறது. தமிழகத்தில் இப்படிப்பட்ட மில்கள் 600 அளவில் இருப்பதாக அவற்றின் சங்கங்கள் சொல்கின்றன.

இதில் மிகவும் அழகான பகுதி சாயம். நீலத் துண்டுகளைப் பிரித்து நீலப் பஞ்சாக்கினால் நூலும் நீலமாகத்தான் வரும். அதை மறுபடி சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. புதுப் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு விறகு வேண்டும் என்பது நொய்யல் ஆற்றின் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. குடோனில் நிறம் பிரிக்கும் பெண்ணின் கண், ஒரு சாயப்பட்டறை செய்யும் வேலையைத் தண்ணீர் இல்லாமல் செய்துவிடுகிறது. அவருக்குக் கிடைக்கும் நாள்கூலியில் இந்த மிச்சத்தின் பங்கு ஒரு பைசாகூட இல்லை என்பது வேறு கதை. வேறு கதை என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தக் கட்டுரையின் கதையே அதுதான்.

சில ஆண்டுகளாக ஓ.இ. மில்காரர்களிடம் பேசினால் புலம்பல்தான் கேட்கிறது. கழிவுப் பஞ்சின் விலை நல்ல பஞ்சின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது திருப்பூரே இரண்டு நாள் கடையடைத்தது. அன்று கழிவும் சேர்ந்து ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. நிலைக்கட்டணம் கூடியது, காலையும் மாலையும் உச்ச நேரக் கட்டணம் அழுத்தியது. 2023 ஜூலையில் ஓ.இ. மில்கள் உற்பத்தியை நிறுத்திப் போராடின. வரியிலும் ஒரு கோளாறு இருந்தது. கழிவிலிருந்து வரும் பருத்தி நூலுக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம். அதோடு கலக்கும் பாலியஸ்டர் பஞ்சுக்குப் பதினெட்டு. பாட்டிலைப் பொறுக்கி எடுத்த பாலியஸ்டருக்கும் அதே பதினெட்டு. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது ஐந்துக்கு இறங்கியது.

குண்டடம் பக்கம் நின்று பார்த்தால் மின்கட்டணத்தின் அநியாயம் கண்ணெதிரே தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்றில் இங்குள்ள காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றில் பல பெரிய ஆலைகளுக்குச் சொந்தம். அவர்கள் அந்த மின்சாரத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள், ஆண்டறிக்கையில் பசுமை ஆற்றல் என்று ஒரு பக்கமும் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் காற்றாலையின் நிழல் விழும் தூரத்தில் கழிவுப் பஞ்சை நூலாக்கும் சின்ன மில்லுக்குக் காற்றாலை வாங்க முதல் கிடையாது. அது மின்வாரியத்தின் முழுக் கட்டணத்தையும் கட்டுகிறது. சுற்றுச்சூழலுக்கு இருவரில் யார் அதிகம் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சலுகை யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டால் பதில் எளிது.

மில் நின்றால் கழிவு நிற்காது. வாங்க ஆள் இல்லாத கட்டிங் வேஸ்ட், குறிப்பாக லைக்ரா கலந்ததும் பல நிறம் கலந்ததும், சாக்கடையோரம் குவிகிறது, இரவில் எரிகிறது, மாநகராட்சிக் குப்பையோடு சேர்கிறது. திருப்பூர் மாநகராட்சி அந்தக் குப்பையைக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டியதை எதிர்த்து முதலிபாளையத்தில் மக்கள் 2025-ல் நடத்திய போராட்டம் எல்லோரும் அறிந்ததே. ஆகவே லாபத்தை ஒரு தட்டிலும் சுற்றுச்சூழலை மறு தட்டிலும் வைத்துப் பேசும் பேச்சு இங்கே பொருந்தவில்லை. ஓ.இ. மில்லின் லாபம் செத்த இடத்தில்தான் சுற்றுச்சூழலும் சாகிறது. யாருடைய லாபம், யாருடைய செலவில் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியைத் திருப்பூர் ஏற்கெனவே ஒருமுறை, மிகக் கடுமையான விலை கொடுத்து, சந்தித்திருக்கிறது.

நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது, பாசனத்துக்காக. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. அணை கேட்டுப் போராடும் உழவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்த அணை வேண்டாம், அதன் தண்ணீர் எங்கள் நிலத்துக்குள் வரவே வேண்டாம் என்று போராடிய உழவர்கள் நொய்யல் கரையில்தான் இருந்தார்கள். ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று அதை உறுதி செய்தது. அப்போதும் சரிவர நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயமிட வெளியூர்களுக்கு லாரி ஏறியது. வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள்.

பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடிகட்டலுக்கு மேல் ஆவியாக்கிகளையும் பொருத்தின. தண்ணீரை மீட்டார்கள், உப்புக் கரைசலையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தினார்கள். இன்று நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் தண்ணீர் இப்படிச் சுழல்வதாகத் தொழில் அமைப்புகள் சொல்கின்றன. உலகில் வேறு எந்தப் பின்னலாடை நகரமும் இந்த அளவில் இதைச் செய்ததாக மார்தட்ட முடியாது. திருப்பூரின் இந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் இந்தச் சாதனையின் செலவுச் சீட்டை யார் கையில் திணித்தோம்? சாயப்பட்டறைக்காரர் கையில். அவர் பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவர். துணி அவருடையது அல்ல, விலை அவர் வைப்பதல்ல. ஏற்றுமதியாளர் அவரிடம் கிலோவுக்குப் பேரம் பேசுகிறார், வெளிநாட்டு வாங்குநர் ஏற்றுமதியாளரிடம் சென்ட் கணக்கில் பேரம் பேசுகிறார். லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ தொங்கும் டீ-சர்ட்டின் விலையில் நொய்யலைக் காப்பாற்றிய செலவு என்று ஒரு வரி இருந்ததே இல்லை. அதே வாங்குநர் கழிவு நீரை ஆற்றில் விடும் வேறொரு நாட்டில் பத்து சென்ட் குறைவாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். போனார்கள். தங்கள் நிலைத்தன்மை அறிக்கையில் திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையப் படத்தைப் போட்டுக்கொண்டே போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், திருப்பூர் நண்பர்களுக்குக் கசக்கலாம். ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆற்றுக்குப் போன அழுக்கில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகப் போகிறது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கின்றன. கசடில் ஒரு பகுதியைச் சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. வட்டம் எங்கும் முழுசாக மூடுவதில்லை. இதை ஒத்துக்கொள்வதால் சாதனை சிறுத்துவிடாது. இனி எதற்கு முதல் போட வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கட்டிங் வேஸ்ட்டின் முறை வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் வெளியிட்ட ஜவுளிக் கொள்கை, 2030-க்குள் தன் சந்தைக்கு வரும் துணிகள் நெடுநாள் உழைப்பதாகவும், மறுசுழற்சி செய்யக் கூடியதாகவும், பெருமளவு மறுசுழற்சி இழையால் ஆனதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த சூழல் வடிவமைப்புச் சட்டம், பொருளுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு கேட்கப் போகிறது. இழை எங்கிருந்து வந்தது, எங்கே வெட்டியது, எங்கே சாயமிட்டது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேட்பவர்கள் பணம் கொடுப்பார்களா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்வீடனின் ரீநியூசெல் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தித் துணியைக் கூழாக்கிப் புது இழைக்கு மூலப்பொருளாக்கும் பெரிய ஆலையை சுண்ட்ஸ்வால் நகரில் 2022-ல் திறந்தது. உலகப் பெயர் பெற்ற துணிக்கடைகள் அதைக் கொண்டாடின. எச் அண்ட் எம் அதில் பங்குதாரராகவே இருந்தது. கூழுக்குப் போதிய ஆர்டர் வரவில்லை. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. பிறகு வேறொரு முதலீட்டாளர் வாங்கிப் பெயர் மாற்றியிருக்கிறார். கைதட்டியவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஸ்வீடன் அரசும் பங்குச்சந்தையும் பின்னால் இருந்த ஆலைக்கே இந்தக் கதி. வங்கிக் கடனில் ஓடும் வெள்ளகோவில் மில் என்ன ஆகும்?

ஃபேஷன் ஃபார் குட் அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது. உலகக் கழிவில் இது எட்டரை சதவீதம். அதில் 59 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ திரும்பிவிடுகிறது. பாராட்டத்தக்க எண்தான். ஆனால் தரமும் தடமும் போதாமல் அதில் சிறு பங்குதான் உலகச் சந்தைக்கான உடுப்புகளுக்குள் நுழைகிறது. மற்றதெல்லாம் மிதியடியாகவும் மாப்பாகவும் கீழிறங்கிப் போகிறது.

தடம் என்பது இங்கே பில். உலக மறுசுழற்சித் தரச் சான்று வேண்டுமென்றால், கழிவு எந்தக் கம்பெனியில் விழுந்தது என்பதிலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆவணம் வேண்டும். நம் வேஸ்ட் வியாபாரமோ பாதி வாய்வார்த்தையிலும் ரொக்கத்திலும் நடப்பது. வியாபாரி பத்து கம்பெனிகளில் எடுத்து ஒரே குடோனில் கொட்டுகிறார். ஆகவே பெரிய ஏற்றுமதியாளர்கள் தங்கள் கழிவை வெளியே விடாமல் தாங்களே கிழித்து, தாங்களே நூற்று, சான்றும் வாங்கிக்கொள்ள முனைகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. விளைவு என்னவென்றால், சுத்தமான வெள்ளைக் கழிவும் ஒரே நிறக் கழிவும் உள்ளேயே நின்றுவிட, லைக்ராவும் அச்சும் கலந்த கசடு மட்டும் பழைய வியாபாரிக்கும் சின்ன மில்லுக்கும் வந்து சேரும். காகிதத்தில் ஒரு புது வட்டம் பிறக்கும்போது தரையில் இருந்த பழைய வட்டம் அறுந்துபோகும். இதை நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன்.

2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் பெட் பாட்டில் இழையில் நெய்த நீல மேல்சட்டை அணிந்து வந்தது செய்தியானது. அந்தத் துணி கரூரிலிருந்து போனது. நம்மூர்க்காரர்களுக்குப் பெருமைதான். அதே இழை நூற்பாலைக்குள் பதினெட்டு சதவீத வரியோடு நுழைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

மேலும் ஒரு முரண்பாடு இந்தத் தொழிலின் அடிமடியிலேயே இருக்கிறது. கணினியில் மார்க்கர் போட்டுத் துணியை நெருக்கி வெட்டினால் கழிவு குறையும். சுற்றுச்சூழலுக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஓ.இ. மில்லுக்கு அது மூலப்பொருள் தட்டுப்பாடு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து திருப்பூரில் ஆர்டர்கள் குறைந்தபோது வெட்டும் மேசையில் விழும் துண்டுகளும் குறைந்தன. மறுசுழற்சி மில் உயிரோடு இருக்க, உலகம் தேவைக்கு மேல் டீ-சர்ட் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அது வட்டமல்ல, வேறொரு பெயரில் பழைய நேர்கோடுதான். இதற்கு ஒரே வழி, உடுத்திப் பழசான துணியை மூலப்பொருளாக்குவது. அதுதான் கடினம். பட்டன், ஜிப், தையல் நூல், கலப்பு இழை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பழைய துணியைப் பாத்திரத்துக்குப் போட்ட வழக்கம் நம் தெருக்களில் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. அதன் இடத்தில் உள்ளாட்சி எதையும் கொண்டுவரவில்லை. உலக அளவிலும் உடுப்புக்குப் போகும் பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் மறுபடி உடுப்பாகிறது என்று எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்கிட்டது.

மறுசுழற்சி செய்கிறவர்கள் என்பதால் ஓ.இ. மில்களுக்கு எல்லாம் மன்னிப்பு என்று நான் சொல்லவில்லை. கழிவுப் பஞ்சில் தூசி அதிகம். அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்கள் வெளி மாவட்டத்துப் பெண்களும் வடமாநிலத்து இளைஞர்களும். குடோன் தீ விபத்துச் செய்தி இந்தப் பக்கம் அடிக்கடி வரும். தூசி உறிஞ்சியும் தீத்தடுப்பும் இல்லாத மில்லுக்குப் பசுமைப் பட்டம் கொடுக்கக் கூடாது.

செய்யக் கூடியவை இருக்கின்றன, எதற்கும் மந்திரவித்தை தேவையில்லை. முதலாவது வெட்டும் மேசையிலேயே நடக்கலாம். நிறத்துக்கு ஒரு சாக்கு, லைக்ரா கலந்ததற்குத் தனிச் சாக்கு, மேலே துணியின் விவரம் எழுதிய ஒரு சீட்டு. துண்டு விழும்போதே பிரித்துவிட்டால் குடோனில் அரைநாள் உட்கார்ந்து பிரிக்கும் வேலை மிச்சம். சான்றுக்கு வேண்டிய தடமும் அங்கேயே தொடங்கிவிடும். பிரித்த கழிவுக்கு விலையும் கூடுதல். இதைச் செய்யாத பனியன் கம்பெனி சொந்தப் பணத்தைத்தான் தரையில் கூட்டித் தள்ளுகிறது. சான்றுச் செலவை ஒவ்வொரு சின்ன மில்லும் தனித்தனியாகச் சுமக்க முடியாது. சாயப்பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்ததுபோல, பில்லும் எடையும் சோதனையும் ஒரே கூரையில் நடக்கும் பொதுக் கழிவுக் கிடங்கை மில்களும் வியாபாரிகளும் சேர்ந்து வைக்கலாம். நிறம் பிரிக்கும் பெண்களைப் பிரிப்பாளர் என்ற தேர்ந்த தொழிலாளராக அந்தக் கிடங்கின் சம்பளப் பட்டியலில் ஏற்றவும் அதுவே வழி.

வாங்குநரிடம் ஏற்றுமதியாளர் சங்கம் தைரியமாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விலைப்பட்டியலில் நூல், நிட்டிங், சாயம், தையல் என்று வரி வரியாகப் பிரித்துத்தான் பேரம் நடக்கிறது. அதில் தண்ணீர் மீட்பு, கழிவு மீட்பு என்று இரண்டு வரிகள் சேரட்டும். அந்த இரண்டு வரிகளிலும் பேரம் கிடையாது என்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஒரு நகரம் சேர்ந்து நின்று சொன்னால் கேட்காமல் போவது அவ்வளவு எளிதல்ல. தனித்தனியாகச் சொன்னால் கேட்கமாட்டார்கள். பக்கத்துக் கம்பெனி அந்த வரியைத் தள்ளுபடி செய்து ஆர்டரைப் பிடித்துவிடும் என்ற பயம்தான் இதுவரை தடுத்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு.

அரசின் பங்கு மின்கட்டணத்தில் இருக்கிறது. கழிவுப் பஞ்சும் மறுசுழற்சி இழையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்துவதாக ஆவணத்தோடு காட்டும் மில்லுக்கு, நூற்பாலை என்ற பொதுப் பிரிவிலிருந்து பிரித்துத் தனிக் கட்டணப் பிரிவு வேண்டும். உச்ச நேரக் கூடுதல் கட்டணமாவது அதற்கு நீங்க வேண்டும். இது சலுகை கேட்பது அல்ல. அந்த மில் நிறுத்தும் ஒவ்வொரு டன் கழிவும் மாநகராட்சி லாரி ஏறாமல் இருக்கிறது, ஒவ்வொரு டன் நிற நூலும் சாயத்தொட்டியில் இறங்காமல் இருக்கிறது. குப்பை அள்ளவும் கழிவுநீர் சுத்திகரிக்கவும் அரசும் தொழிலும் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணக் குறைப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கட்டண விசாரணைக்கு மில் சங்கங்கள் வழக்கம்போல வெறும் கோரிக்கை மனுவோடு போகாமல், இந்தக் கணக்கை டன்னிலும் லிட்டரிலும் போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும். மாநகராட்சியையும் சாயப்பட்டறை உரிமையாளர்களையும் அதில் கையெழுத்திடச் சொல்லட்டும்.